இரண்டாம் விருப்பம்

வருஷா வருஷம் ஜூலை 19ஆம் தேதி எங்கள் யூனியன்காரர்கள் பாங்க் வாசலில் கூடிக் கோஷம் போட்டு மிட்டாய் கொடுப்பார்கள். 1969ல் பதினான்கு பாங்குகள் தேசியமயமான நாள். பேச்சு ஏறக்குறைய ஒரே பேச்சுதான்: பெருமுதலாளிகளின் பிடி, கிராமத்து விவசாயி, சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த அந்த மாலைப் பொழுது. நானும் ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு நின்று கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சில் ஒருபோதும் வராத தேதி ஒன்று உண்டு. அதே வருஷம் ஜூலை 12. அன்று பெங்களூரில் ஒரு அறையில் எட்டுப் பேர் கூடி, காங்கிரஸ் கட்சியின் சார்பில் ஜனாதிபதி தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவு பிரதம மந்திரிக்குப் பிடிக்கவில்லை. பன்னிரண்டாம் தேதியை விட்டுவிட்டுப் பத்தொன்பதாம் தேதியைப் பற்றிப் பேசினால் அது புராணமாகிவிடுகிறது.

நம் இலக்கிய நண்பர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் வேறொரு புராணம் கிடைக்கும். இந்திரா ஒன்று துர்க்கை, அல்லது பின்னால் வந்த எமர்ஜென்ஸியின் ஆதி வித்து. காமராஜ் ஏமாந்த நல்லவர். மொரார்ஜி பிடிவாதக்காரர். நாவலில் பாத்திரங்களை இப்படிப் படைத்தால் கிழித்துத் தொங்கவிடுகிற நண்பர்கள், அரசியல் என்று வந்தவுடன் குணச்சித்திர நடிகர்களை வைத்தே திருப்தி அடைந்துவிடுகிறார்கள். எனக்குத் தொழில் கூட்டல் கழித்தல். அதனால் குணங்களை விட்டுவிட்டு, அந்த முப்பத்தைந்து நாட்களில் யார் எந்த முறையைக் கையாண்டார்கள், எந்த எண் எங்கே இடித்தது என்று பார்க்க விரும்புகிறேன்.

1969 மே 3ஆம் தேதி ஜனாதிபதி ஜாகீர் உசேன் பதவியில் இருக்கையிலேயே காலமானார். அப்படி இறந்த முதல் ஜனாதிபதி அவர். உப ஜனாதிபதி வி. வி. கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். ராதாகிருஷ்ணனும் ஜாகீர் உசேனும் உப ஜனாதிபதியாக இருந்து மேலே போனவர்கள். கிரியும் அதை எதிர்பார்த்ததில் தவறில்லை. வேறு காலமாக இருந்தால் விஷயம் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் 1967 தேர்தலுக்குப் பிறகு அந்தப் பதவியின் கனம் மாறியிருந்தது. மக்களவையின் 520 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 283. இன்னும் கொஞ்சம் சரிந்தால் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இருக்காது. அப்போது யாரை அழைத்து மந்திரிசபை அமைக்கச் சொல்வது என்பதை ஜனாதிபதி தன் புத்தியைக் கொண்டு தீர்மானிக்க வேண்டியிருக்கும். அதுவரை அலங்காரமாக இருந்த நாற்காலிக்கு, நடக்கப்போகும் ஏதோ ஒரு நாளை முன்னிட்டு, ஒரு விலை வந்துவிட்டது. கட்சிப் பெரியவர்களும் பிரதமரும் சண்டை போட்டது அந்த நாளுக்காகத்தான். அந்த நாள் உண்மையிலேயே வந்தது. யாரும் எதிர்பார்த்த உருவத்தில் அல்ல. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கட்சிப் பெரியவர்கள் என்றேன். பத்திரிகைகள் இவர்களுக்கு ஸிண்டிகேட் என்று பெயர் வைத்திருந்தன. 1963 அக்டோபரில், நேருவுக்குப் பின் யார் என்ற கேள்வி காதோடு காதாகப் பேசப்பட்ட நேரத்தில், காமராஜ், அதுல்ய கோஷ், நிஜலிங்கப்பா, சஞ்சீவ ரெட்டி ஆகியோர் திருப்பதியில் சந்தித்துக்கொண்டதை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். பம்பாயின் எஸ். கே. பாட்டீலும் இவர்களோடு சேர்த்தி. 1964ல் சாஸ்திரியும் 1966ல் இந்திராவும் பிரதமரானது இவர்கள் கைங்கரியத்தால்தான். சஞ்சீவ ரெட்டியை ஜனாதிபதியாக்க வேண்டும் என்று 1969ல் இவர்கள் விரும்பியது, திருப்பதியில் கூடியவர்களில் ஒருவரையே ராஷ்டிரபதி பவனில் உட்கார வைக்கிற காரியம். இந்திராவுக்கு இது புரிவதற்குப் பெரிய ராஜதந்திரம் தேவைப்படவில்லை.

இதில் காமராஜை மட்டும் சற்றுத் தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டும். அவருடைய அரசியல் கலைக்கு ஒரு முறைமை உண்டு. ஓட்டெடுப்புக்கு விஷயத்தை விடாமல் இருப்பதுதான் அது. 1964ல் நேரு இறந்தபின் பார்லிமெண்ட் உறுப்பினர்களையும் மாநிலத் தலைவர்களையும் தனித்தனியாகச் சந்தித்துக் கேட்டுக்கொண்டார். கேட்டதிலிருந்து சாஸ்திரிதான் ஒருமித்த கருத்து என்று அறிவித்தார். எண்ணிக்கையை அவர் வெளியிடவில்லை. வெளியிட்டிருந்தால் அது ஒருமித்த கருத்தாக இராது. 1966ல் மொரார்ஜி பிடிவாதமாக நின்றதால் ஓட்டெடுப்பு நடந்தது. இந்திராவுக்கு 355, மொரார்ஜிக்கு 169. அங்கும் முடிவு முன்கூட்டியே முதல் மந்திரிகளிடம் பேசி நிச்சயமாகியிருந்தது. 'ஆகட்டும் பார்க்கலாம்' என்று அவர் சொல்வதை நாம் நகைச்சுவையாகவே திருப்பிச் சொல்லிப் பழகிவிட்டோம். பார்க்கலாம் என்பது அவரிடம் ஒரு செயல். எதிராளி தன் தோல்வியைத் தானே கண்டுபிடித்துக்கொள்ள அவகாசம் கொடுப்பது. தோற்றவனுக்கு வெளியே முகம் இருக்கும். அதனால் அவன் கட்சியிலும் இருப்பான்.

1967ல் இந்த முறைமை முதல் தடவை ஆட்டம் கண்டது. விருதுநகரில் காமராஜ் தோற்றார். ராதாகிருஷ்ணன் ஜனாதிபதியாகத் தொடரட்டும் என்று அவர் விரும்பினார். இந்திரா ஜாகீர் உசேன்தான் வேண்டும் என்றார்; அவர் எண்ணமே நடந்தது. எதிர்க்கட்சிகள் நிறுத்திய, பிரதம நீதிபதி பதவியை ராஜிநாமா செய்துவிட்டு வந்த சுப்பா ராவை 4,71,244க்கு 3,63,971 என்ற கணக்கில் ஜாகீர் உசேன் வென்றார். 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து காமராஜ் மக்களவைக்குப் போய்ச் சேர்ந்தார். ஆறு மாதம் கழித்துப் பெங்களூர்.

பெங்களூரில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியபோது இந்திரா முதலில் அனுப்பியது ஒரு காகிதம். அவசரமாகச் சொல்லி எழுதவைத்த சில சிதறல் எண்ணங்கள் என்று அவரே அதை அழைத்துக்கொண்டார். அதில் பல யோசனைகள். பெரிய பாங்குகளில் ஐந்தாறை மட்டும் தேசியமயமாக்கலாம், அல்லது பாங்குகளின் பணத்தில் ஒரு பகுதியைப் பொதுக் காரியங்களுக்கு ஒதுக்கும்படி உத்தரவிடலாம் என்பது அவற்றில் ஒன்று. ஐந்தாறு! ஒரு வாரத்தில் அது பதினான்கு ஆயிற்று. அந்த வித்தியாசத்தை எந்தப் பொருளாதார நூலிலும் தேட வேண்டியதில்லை. நிதி மந்திரி மொரார்ஜி அப்போது பாங்குகள் மேல் 'சமூகக் கட்டுப்பாடு' என்ற ஏற்பாட்டை நடத்திக்கொண்டிருந்தார். தேசியமயம் வேண்டாம் என்பது அவர் கட்சி. சிதறல் எண்ணங்களைப் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வார்த்தைகளைக் கொடுத்துவிட்டு நாற்காலியை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் தேதி பார்லிமெண்டரி போர்டு. இந்திரா ஜகஜீவன் ராமின் பெயரைச் சொன்னார். காந்தி நூற்றாண்டு வருஷம். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரை ஜனாதிபதியாக்குவது காந்திக்குச் செய்யும் மரியாதை என்பது வாதம். நல்ல வாதம்தான். அதற்கு அந்த அறையில் யாரும் பதில் சொல்லியிருக்க முடியாது. அதனால் பதில் சொல்லாமல் ஓட்டெடுத்தார்கள். காமராஜ், மொரார்ஜி, பாட்டீல், சவாண் நால்வரும் சஞ்சீவ ரெட்டிக்கு. இந்திராவும் ஃபக்ருதீன் அலி அகமதுவும் ஜகஜீவன் ராமுக்கு. தலைவர் நிஜலிங்கப்பாவும், தன் பெயரே அடிபடுகிறதென்று ஜகஜீவன் ராமும் ஓட்டளிக்கவில்லை. நான்குக்கு இரண்டு. எட்டுப் பேரில் நான்கு பேர், சரியாகப் பாதி. சவாண் அந்தப் பக்கம் சாய்ந்ததை இந்திரா எதிர்பார்க்கவில்லை என்கிறார்கள்.

காமராஜ் தோற்றது ஆகஸ்டில் அல்ல, இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். நாட்டின் பிரதமரை, கட்சியின் பார்லிமெண்டரித் தலைவரை, ஒரு அறைக்குள் கை எண்ணித் தோற்கடிப்பது அவர் முறைமைக்கே விரோதமான காரியம். 1964ன் காமராஜ் இதைச் செய்திருக்க மாட்டார். இரண்டு நாள் ஒத்திப்போட்டிருப்பார். மூன்றாவது பெயர் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பார். பெங்களூரில் பெரும்பான்மை கையில் இருந்தது, அதை உபயோகித்துவிட்டார்கள். தோற்றவர்களிடம் முகம் மிஞ்சவில்லை. ஆனால் அரசாங்கம் மிஞ்சியிருந்தது.

அடுத்த ஒரு வாரத்தின் வேகத்தைத் தேதிவாரியாகச் சொன்னாலே போதும். 13ஆம் தேதி கிரி தான் சுயேச்சையாக நிற்கப்போவதாக அறிவித்தார். 16ஆம் தேதி மொரார்ஜியிடமிருந்து நிதி இலாகாவைப் பிரதமர் எடுத்துக்கொண்டார். உப பிரதமராக மட்டும் இருக்கலாம் என்றார். மொரார்ஜி ராஜிநாமா செய்தார். 19ஆம் தேதி சனிக்கிழமை, 50 கோடி ரூபாய்க்கு மேல் டெபாசிட் உள்ள பதினான்கு பாங்குகளை அவசரச் சட்டத்தின் மூலம் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பார்லிமெண்ட் கூடுவதற்கு இரண்டே நாள் இருந்தது. ஏன் காத்திருக்கவில்லை என்றால், அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டிய தற்காலிக ஜனாதிபதி கிரி, மறுநாள் 20ஆம் தேதி தேர்தலில் நிற்பதற்காகப் பதவியை விடுகிறார். அவருக்குப் பின் பிரதம நீதிபதி ஹிதாயத்துல்லா வந்து உட்காருவார். அதாவது, ஜனாதிபதி தேர்தலில் போட்டியிடும் ஒரு அபேட்சகர், அந்தத் தேர்தலின் பிரசாரத்துக்கே ஆதாரமாகப் போகிற சட்டத்தில், ஜனாதிபதியின் ஸ்தானத்திலிருந்து கையெழுத்திட்டுவிட்டு இறங்கி வந்தார். (21ஆம் தேதி காலை, நம் நேரப்படி, சந்திரனில் மனிதன் கால் வைத்தான். பார்லிமெண்ட் கூடிய நாளும் அதுவே.)

சட்டம் எப்படிப் பிறந்தது என்று இப்போது தெரிகிறது. ஆனால் கிரியை வெறும் கையெழுத்துக் கருவியாகச் சொல்லிவிட முடியாது. அங்கேதான் எனக்கு இந்த விஷயத்தில் சுவாரஸ்யம் கூடுகிறது. நேருவின் மந்திரிசபையில் அவர் தொழில் மந்திரியாக இருந்தார். பாங்க் ஊழியர்களின் சம்பளத் தகராறில் சாஸ்திரி டிரிப்யூனல் 1953ல் தீர்ப்பளித்தது. அப்பீல் டிரிப்யூனல் 1954ல் அதை மாற்றி ஊழியர்களுக்குச் சாதகமாக ஏதோ கொடுத்தது. சர்க்கார் அதில் கை வைத்துக் குறைத்தது. தொழில் மந்திரி கிரி ராஜிநாமா செய்தார். குமாஸ்தாக்களின் சம்பளத்துக்காக மந்திரி பதவியை விட்ட மனிதர்கள் நம் தேசத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல் அதிகம். எங்கள் யூனியன் பேச்சில் இது வந்தால் நான் இரண்டு மிட்டாய் வாங்கிக்கொள்வேன்.

1954ல் நிதி மந்திரி யார்? சி. டி. தேஷ்முக். ரிசர்வ் பாங்கின் முதல் இந்திய கவர்னர். 1969ல் ஜனசங்கமும் சுதந்திராவும் ஜனாதிபதி தேர்தலுக்கு நிறுத்தியது இவரைத்தான். இவரும் பம்பாய் நகரின் எதிர்காலம் குறித்த தகராறில் 1956ல் நேருவின் மந்திரிசபையை விட்டு வெளியேறியவர். மூன்றாமவர் சஞ்சீவ ரெட்டி, 1964ல் ஆந்திராவின் முதல் மந்திரியாக இருந்தபோது, பஸ் ரூட்டுகளைத் தேசியமயமாக்கிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்ன சில வார்த்தைகளுக்காகப் பதவியை விட்டார். 1967ல் சபாநாயகர் ஆனதும் நடுநிலைமையை முன்னிட்டுக் கட்சி உறுப்பினர் பதவியையும் துறந்தார். முக்கிய அபேட்சகர்கள் மூவரும் ஏதோ ஒரு சமயத்தில் மானத்துக்காகவோ கொள்கைக்காகவோ நாற்காலியை விட்டு எழுந்தவர்கள். கிரி 1937ல் ராஜாஜியின் சென்னை மந்திரிசபையிலும், ரெட்டி 1949ல் குமாரசாமி ராஜாவின் சென்னை மந்திரிசபையிலும் இருந்தவர்கள் என்பது நமக்கு உபரி. சொல்ல வந்தது, மனச்சாட்சி என்ற சொல்லுக்கு அந்தத் தேர்தலில் மூன்று பேருக்கும் பாத்தியதை இருந்தது. அதை எடுத்துக்கொண்டவரோ அபேட்சகரே அல்ல.

இந்திரா கட்சியின் முடிவை எதிர்க்கவில்லை. சஞ்சீவ ரெட்டியின் வேட்பு மனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவரே அவர்தான். பிறகு பேசாமல் இருந்தார். நிஜலிங்கப்பாவை அந்த மௌனம் ஆட்டிவைத்திருக்க வேண்டும். அவர் செய்த காரியம் அதைத்தான் காட்டுகிறது.

இங்கே ஓட்டு முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜனாதிபதி தேர்தலில் ஓட்டளிப்பவர்கள் பார்லிமெண்ட் உறுப்பினர்களும் சட்டசபை உறுப்பினர்களும். ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு மதிப்பு. 1969ல் ஒரு எம்.பி.யின் ஓட்டு 576, எம்.எல்.ஏ.யின் மதிப்பு மாநில ஜனத்தொகையைப் பொறுத்தது. ஓட்டுச் சீட்டில் ஒரே பெயரைக் குறிப்பதில்லை. முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசை எழுத வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் முதல் விருப்பம் கிடைக்காவிட்டால், கடைசியில் உள்ளவரை நீக்கி அவருடைய சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கோ அவருக்குச் சேர்த்துக்கொண்டே வருவார்கள். தேஷ்முக் ஜெயிக்கமாட்டார் என்பது தெரிந்த விஷயம். ஆகவே அவருடைய சீட்டுகளின் இரண்டாம் விருப்பம் எங்கே போகும் என்பதே கேள்வி. நிஜலிங்கப்பா ஜனசங்கத் தலைவர்களிடமும் சுதந்திராத் தலைவர்களிடமும் போய், இரண்டாம் விருப்பத்தை ரெட்டிக்குத் தரும்படி கேட்டார்.

முறைப்படி இதில் குற்றமில்லை. அந்தத் தேர்தல் முறையே அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் அரசியலில் காரியத்தின் நியாயமும் அதன் தோற்றமும் ஒன்றாக இருப்பதில்லை. பாங்குகளை எடுத்துக்கொண்ட பிரதமருக்கு எதிராக, அந்தச் சட்டத்தை எதிர்த்த வலதுசாரிக் கட்சிகளின் வாசலில் காங்கிரஸ் தலைவர் நிற்கிறார்! இந்திரா காத்திருந்தது இதற்குத்தானோ என்னவோ. ஆகஸ்ட் 9ஆம் தேதி ஜகஜீவன் ராமும் ஃபக்ருதீன் அலி அகமதுவும் நிஜலிங்கப்பாவுக்குக் கடிதம் எழுதினார்கள்: அந்தக் கட்சிகளோடு என்ன பேசினீர்கள்? உறுப்பினர்கள் சுதந்திரமாக ஓட்டளிக்க விட வேண்டாமா? பிரதமர் கொறடா உத்தரவு பிறப்பிக்க மறுத்தார். கடைசியில் அந்த வார்த்தையும் வந்தது: மனச்சாட்சிப்படி ஓட்டளியுங்கள்.

ஜனாதிபதி தேர்தல் ரகசிய ஓட்டு. கொறடாவுக்கு அதில் சட்டப்படி வேலையில்லை. ஆகவே முறைப்படி இந்திராவும் சரி. இரு பக்கமும் முறைப்படி சரியாக இருந்துகொண்டே ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தார்கள். வேட்பு மனுவில் கையெழுத்திட்டவர் அந்த மனுவைத் தோற்கடிக்கச் சொல்லும்போது, அதற்கு 'மனச்சாட்சி' என்று பெயர் வைப்பது மொழி சம்பந்தப்பட்ட விஷயமும் ஆகிறது. நம் போன்றவர்கள் அக்கறை கொள்ள வேண்டியது இங்கேதான். ஒரு சொல் தனிமனிதனின் உள்ளறையிலிருந்து எடுக்கப்பட்டு, நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே திசையில் நடப்பதற்கான உத்தரவாகிவிடுகிறது. ரகசிய ஓட்டில் மனச்சாட்சிக்கு ஒரு சௌகரியம் உண்டு. யாருடையது எது என்று யாரும் கேட்க முடியாது. கிரி 1954ல் செய்தது போல அது ராஜிநாமாக் கடிதத்தின் அடியில் பெயரோடு வர வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 16ல் ஓட்டுப் பதிவு. 20ஆம் தேதி எண்ணினார்கள். மொத்தம் பதினைந்து அபேட்சகர்கள். செல்லுபடியான ஓட்டு மதிப்பு 8,36,337. ஜெயிக்க வேண்டியது 4,18,169. முதல் விருப்பத்தில் கிரிக்கு 4,01,515. ரெட்டிக்கு 3,13,548. தேஷ்முக்குக்கு 1,12,769. மீதிப் பேர் எல்லாருக்கும் சேர்த்து 8,505. யாரும் எல்லையைத் தொடவில்லை. சிறியவர்களும் பிறகு தேஷ்முக்கும் நீக்கப்பட்டு அடுத்த விருப்பங்கள் சேர்க்கப்பட்டன. கிரி 4,20,077. ரெட்டி 4,05,427.

இந்த எண்களை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். யாரும் கழித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. கிரி புதிதாகப் பெற்றது 18,562. ரெட்டி பெற்றது 91,879. அதாவது நிஜலிங்கப்பாவின் ஒப்பந்தம் பலித்தது. நீக்கப்பட்டவர்களின் ஓட்டு ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் ரெட்டிக்கு வந்து சேர்ந்தது. எங்குமே சேராமல் தீர்ந்துபோன மதிப்பு 10,833. அது முழுவதும் ரெட்டிக்கே வந்திருந்தாலும் 4,16,260தான் ஆகியிருக்கும். வித்தியாசம் 14,650. எம்.பி. கணக்கில் சொன்னால், பதின்மூன்று பேர் கிரியை விட்டு ரெட்டியின் பக்கம் போயிருந்தால் முடிவு மாறியிருக்கும்.

ரெட்டி தோற்றது தேஷ்முக்கின் சீட்டுகளில் அல்ல, தன் வீட்டில். 1967ல் ஜாகீர் உசேன் வாங்கிய மதிப்போடு ரெட்டியின் முதல் விருப்பத்தை வைத்துப் பார்த்தால் 1,57,696 குறைகிறது. (இடையில் உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம், பஞ்சாபில் இடைக்காலத் தேர்தல் நடந்துவிட்டது, அதனால் நேருக்கு நேர் வைப்பது முழு நியாயமல்ல. ஆனாலும் ஓட்டை எந்தப் பக்கம் என்பதற்கு இது போதும்.) நிஜலிங்கப்பா வெளியே போய்ச் சம்பாதித்துக்கொண்டு வந்த ஓட்டுதான், உள்ளே இருந்தவர்கள் வெளியேறுவதற்கான காரணமாகவும் ஆயிற்று. அந்த 91,879ஐப் பெறாமலிருந்தால் வீட்டில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று எந்த லெட்ஜரிலும் பார்க்க முடியாது.

தமிழ்நாட்டுக்காரன் பார்க்க வேண்டிய வரவு ஒன்று இருக்கிறது. கிரியைக் கம்யூனிஸ்டு கட்சிகளோடும் அகாலி தளத்தோடும் திமுகவும் ஆதரித்தது. 1967ல் திமுக வென்ற மக்களவை இடங்கள் 25. ஐந்நூற்று எழுபத்தாறால் பெருக்கினால் 14,400. வித்தியாசத்துக்கு 250தான் குறைவு. சட்டசபை உறுப்பினர்களைச் சேர்க்கவே வேண்டாம், அந்தப் பக்கம் போயிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத் திரும்பியிருக்கும். விருதுநகரில் காமராஜை வீழ்த்திய கட்சி இரண்டு வருஷம் கழித்து டில்லியிலும் அவருடைய அபேட்சகரை வீழ்த்தியது. 1967ல் அந்தக் கட்சியோடு கூட்டு வைத்திருந்த ராஜாஜியின் சுதந்திராவோ, தன் இரண்டாம் விருப்பத்தைக் காமராஜின் ஆளுக்குத் தந்துகொண்டிருந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் எதிரெதிராக நின்ற இரண்டு கிழவர்கள் ஒரு ஓட்டுச் சீட்டின் இரண்டாவது வரியில் சந்தித்துக்கொண்டார்கள். 1971ல் அது பகிரங்கக் கூட்டணியே ஆயிற்று. நாகர்கோவிலில் காமராஜ் மட்டும் ஜெயித்தார்.

நவம்பர் 12ஆம் தேதி இந்திராவைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள், கட்சி இரண்டாயிற்று. பெங்களூரில் ரெட்டிக்குக் கை தூக்கிய சவாண் இந்திராவோடு தங்கிவிட்டார். கிரியின் தேர்தல் செல்லாது என்று வழக்கு வந்தது. ரெட்டியைப் பற்றிய ஆபாசமான அநாமதேயப் பிரசுரம் ஒன்று பார்லிமெண்ட் உறுப்பினர்களிடையே சுற்றிவந்தது வழக்கின் முக்கிய விஷயம். பதவியிலிருந்த ஜனாதிபதியே சுப்ரீம் கோர்ட்டுக்கு நேரில் வந்து சாட்சி சொன்னார். 1970ல் வழக்கு தள்ளுபடியானது. அதே வருஷம் பிப்ரவரி 10ல் பாங்க் தேசியமயச் சட்டத்தை அதே கோர்ட் செல்லாது என்றது. நான்கு நாளில் இன்னொரு அவசரச் சட்டம் வந்து பாங்குகள் சர்க்காரிடமே இருந்தன.

நண்பர் ஒருவர் கேட்டார்: இவ்வளவு தெரிந்த பிறகும் ஜூலை 19ல் மிட்டாய் வாங்குகிறாயே? கேள்வி நியாயமானது. 1969 ஜூனில் இந்த தேசம் முழுவதிலும் இருந்த பாங்க் கிளைகள் 8,262. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த கிளை அவற்றில் ஒன்றல்ல. அந்த ஊருக்கு அதற்கு முன் பாங்க் என்று ஒன்று வந்ததில்லை. நகையோடு வந்து நின்றவர்களுக்கு அடகுக்கடையை விட்டால் வேறு கதி இருந்ததில்லை. அந்தக் கவுண்டர், அதற்குப் பின்னால் நான், என் சம்பளம், அதில் மிச்சம் பிடித்து வாங்கிய புத்தகங்கள், இந்தப் பத்திரிகைக்கு நான் கட்டும் சந்தா எல்லாம் ஒரு அபேட்சகர் தேர்வில் நான்குக்கு இரண்டு என்று தோற்ற ஒருவரின் பதிலடியிலிருந்து கிளைத்தவை. பெங்களூரில் ஒரே ஒருவர் மாறிக் கை தூக்கியிருந்தால் ஐந்தாறு பாங்குகள் போதும் என்று முடிந்திருக்கலாம்; சிதறல் எண்ணங்கள் சிதறியே போயிருக்கவும் கூடும். காரணம் கீழ்த்தரமாக இருந்ததால் காரியமும் கீழானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. காரியம் நல்லதாக முடிந்ததால் காரணத்தைக் கழுவிச் சுத்தமாக்கி, மனச்சாட்சி என்று பெயர் போட்டு மேடையில் வைக்கவும் முடியவில்லை. மிட்டாயை வாங்கிக்கொள்கிறேன். பேச்சை நம்புவதில்லை.

இனி, கடைசியில் சொல்வதாகச் சொன்ன அந்த நாள். பெங்களூர் அறையில் தோற்ற பக்கத்தில் இருந்த ஃபக்ருதீன் அலி அகமது 1974ல் ஜனாதிபதியானார். 1975 ஜூன் 25 இரவு எமர்ஜென்ஸிப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். காமராஜ் அந்த அக்டோபர் 2ஆம் தேதி இறந்தார். 1977ல் ஃபக்ருதீன் பதவியிலேயே இறக்க, சஞ்சீவ ரெட்டி போட்டியே இல்லாமல் ஜனாதிபதியானார். எட்டு வருஷம் தாமதம், அவ்வளவுதான். மொரார்ஜி அப்போது பிரதமர். 1979 ஜூலையில் மொரார்ஜியின் மந்திரிசபை கவிழ்ந்தது. சரண் சிங் வந்தார், பார்லிமெண்டைச் சந்திக்காமலே ராஜிநாமா செய்தார். யாருக்கும் பெரும்பான்மை இல்லாத, ஜனாதிபதி தன் புத்தியைக் கொண்டு தீர்மானிக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. ஜனதாவின் தலைவராக இருந்து, மந்திரிசபை அமைக்கத் தன்னை அழைக்கும்படி ரெட்டியிடம் கேட்டவர் ஜகஜீவன் ராம். ஆகஸ்ட் 22ஆம் தேதி, முன்பு ஓட்டு எண்ணிப் பத்து வருஷமும் இரண்டு நாளும் ஆனபோது, ரெட்டி அவரை அழைக்காமல் மக்களவையைக் கலைத்தார்.